கேக்கின் மேல் பதினான்கு

1

இந்தக் கதையை நான் ஒரு கேக்கிலிருந்து திருடினேன். ஜனவரி பதிமூன்றாம் தேதி, ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் ஒரு பேக்கரி. எனக்கு முன்னால் நின்ற அம்மாள், கேக்கின் மேல் 14 என்று எழுதச் சொன்னாள். "பேத்திக்குப் பர்த்டேயா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். "இல்லை, கல்லறைக்கு" என்று அவளும் இந்தியிலேயே சொன்னாள். எனக்கு வாங்க வந்த பன் மறந்துபோயிற்று. மீதிக் கதையில் பாதி விசாரித்தது, பாதி இட்டுக்கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மரணம் என்பது...

அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை. மறுபடி.

அந்த அம்மாள் பெயர் தங்கம், வயது எழுபத்தாறு, சொந்த ஊர் பாளையங்கோட்டை, போலாரம் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். (கணக்கு டீச்சர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தப்புக் கணக்கு ஒன்று வரப்போகிறது.) கணவர் தேவராஜை அடக்கம் பண்ணிய குழியில் அவளுக்கும் இடம் உண்டு, ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழும். ஆனால் குழியை மறுபடி திறக்கப் பதினான்கு வருஷம் ஆகவேண்டும் என்பது அந்தக் கல்லறைக் கமிட்டியின் விதி. அதற்குள் போய்ச் சேர்ந்தால், ஊரின் அந்தக் கோடியில் வாங்கிப் போட்டிருக்கும் புது நிலத்தில் தனியாகத்தான் படுக்கவேண்டும்.

நாற்பத்தொரு வருஷம் ஒரே கட்டில். சுவர்ப் பக்கம் அவர், வெளிப் பக்கம் அவள். தனியாகப் படுக்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான் விஷயம். அதற்காகவே டெங்குவைத் தாண்டினாள், கொரோனாவைத் தாண்டினாள். பித்தப்பை ஆபரேஷனின்போது டாக்டரிடம், "இப்பம் சாவ முடியாது, பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டே மயக்க மருந்துக்குக் கை நீட்டினாள்.

3

கேக்கோடு நேரே கமிட்டிச் செயலாளர் எபனேசர் வீட்டுக்குப் போனாள்.

"அனுமதிக் கடுதாசி எழுதிக் குடுங்க. இன்னியோட பதினாலு முடிஞ்சிட்டு."

எபனேசர் பதிவேட்டைப் புரட்டினார். "டீச்சர், சார் இறந்ததுதான் பதிமூணு. அடக்கம் பண்ணினது பத்தொம்போது. விதி அடக்கத்துலேருந்துதான்."

தேவராஜ் இறந்தது பாளையங்கோட்டையில், கல்யாணத்துக்குப் போன இடத்தில். எங்கே செத்தாலும் போலாரத்தில்தான் வைக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. மாநிலம் விட்டு மாநிலம் உடலைக் கொண்டுவர இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, ஆட்சேபணை இல்லை என்று போலீஸ் கடிதம், பெட்டிக்குச் சீல் வைத்த சான்று, எல்லாம் வேண்டும். அது பொங்கல் சமயம், ஆபீசெல்லாம் பூட்டு. ஆறு நாள் போய்விட்டது.*

(* கடைசியில் பெட்டி விமானத்தில் வந்தது. தேவராஜ் ஏறிய ஒரே விமானம். "அதுலயும் ஜன்னல் சீட்டு கிடைக்கல" என்று சொல்லித் தங்கம் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

"அப்பம் இன்னும் ஆறு நாள் நான் சாவக் கூடாதோ?"

"கூடாது டீச்சர்" என்றார் எபனேசர், கேக்கை வெட்டிக்கொண்டே.

4

அந்த ஆறு நாளும் ஹைதராபாத்தில் பட்டம் விடும் நாள்கள். வானமெல்லாம் காகிதம், தெருவுக்குக் குறுக்கே மாஞ்சா நூல். தங்கையின் மகள் ஸ்மிதா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, சர்ச்சுக்கு ட்ராப் பண்றேன், சலோ."

"நக்கோ, வேண்டாம். மாஞ்சா கழுத்த அறுத்துட்டா யாரு பதில் சொல்லுவா?"

"அப்போ நடந்து வாங்க."

"நாய் கடிச்சிட்டா?"

"கைக்கு பெரியம்மா, எதுக்கு இவ்ளோ பயம்? சர்ச்சுக்கே வர மாட்டீங்களா?"

"ஒரு வாரம் கர்த்தர் வீட்டுக்கு வரட்டும்."

முள்ளுக்குப் பயந்து மீனையும் விட்டாள். தங்கம் மீனை விட்டாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், மாடிப்படியில் ஒரு சிவப்புப் பட்டம் வந்து விழுந்தது. எடுக்கப் போனாள். மூன்றாம் படியில் கால்...

இல்லை. இப்படி முடித்தால் என் எழுத்தாள நண்பர்கள் கைகுலுக்குவார்கள், தெரியும். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி எழுதிவிட்டேன். தங்கம் அதைப் பிடித்துக்கொண்டு பட்டத்தோடு இறங்கி வந்தாள்.

5

பத்தொன்பதாம் தேதி காலை. எபனேசர் கையெழுத்திட்டு நீட்டினார்.

"இந்தத் தாளுக்குக் கெடு தேதி உண்டா?"

"இல்ல டீச்சர். மெதுவா வாங்க."

கல்லறைக்குப் போய்க் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். "கேட்டியளா? இடம் உறுதியாயிட்டு. ஆனா இப்பம் வரல" என்றாள். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. பதினான்கு வருஷமாகச் சாகக் கூடாதே என்று உயிரோடு இருந்தவளுக்கு, இனிமேல் சும்மாவே இருக்கலாம் என்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாசலில் ஸ்மிதா. "ஆட்டோ புக் பண்ணவா?"

"எதுக்கு?" என்று தங்கம் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போகணும்?"

"மொதல்ல வண்டிய எடுட்டி."

6

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்: மீன் கடை, வீடு, ஜன்னல் சீட்டுக்காக விமான நிலையம். மூன்றிலும் பாதி வழியில் தங்கம் என்னைக் கேட்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். கடிதம் அவள் கைப்பையில் இருக்கிறது, ஆகவே மெதுவாக ஓட்டவேண்டிய அவசியம் இல்லை.