சகலையின் பதினாறு மெஷின்கள்

என் சகலை வீட்டு மாடியறைக்கு வயரிங் செய்தவன் நான்தான். பதினாறு மைனிங் மெஷின்கள், தனி மீட்டர், சுவரை உடைத்து வைத்த நாலு எக்ஸாஸ்ட் ஃபேன். மெஷின்கள் இராப்பகலாக ஏதோ கணக்குப் போடுமாம், அதற்குக் கூலியாக பிட்காயின் விழுமாம். எலக்ட்ரீஷியனான நான் இருபது வருஷமாக ஏணியில் ஏறி இறங்குகிறேன். அவனுக்கோ உட்கார்ந்த இடத்தில் காசு. வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்?

போதாததற்கு என் மனைவி. தட்டு வைக்கும்போதெல்லாம் தங்கச்சி வீட்டுச் செய்திதான். போன மாதம் புது கார், இந்த மாதம் புதுச் சமையலறை. எனக்கு எங்கே சோறு இறங்கும்?

மெஷின்களைத் தூசி தட்டப் போகும்போது மீட்டரையும் குறித்துக்கொண்டு வருவேன். அதனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உலகம் பூராவும் ஆளாளுக்கு வேகமான மெஷின் இறக்க, இவனுடைய பழசுக்கு விழும் பங்கு மெலிந்துகொண்டே வந்தது. இப்போது வரவும் கரண்ட் பில்லும் ஏறக்குறைய சமம். அவன் காயின் விலையை மட்டும் போனில் பார்த்து மீசையை முறுக்குவான். பில் தொகை பேங்கிலிருந்து தானாகப் போய்விடுவதால் அதை அவன் திறந்தே பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவசரமாகக் கூப்பிட்டான். வாசலில் வேன் நின்றது. பழைய மெஷின் வாங்கும் வியாபாரி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வாங்கிய விலையில் முக்கால் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தான். அதற்கு மேல் எவனும் தரமாட்டான். இன்னும் சில மாதத்தில் புது மாடல் வந்துவிட்டால் இவற்றை எடைக்குத்தான் போட வேண்டும்.

சகலை என்னைப் படிக்கட்டுப் பக்கம் ஓரங்கட்டினான்.

"சகல, கார் லோன், கிச்சன் லோன் எல்லாம் இதை நம்பித்தான் வாங்கியிருக்கேன். குடுத்துடவா, வெச்சுக்கவா? நீங்க சொல்றதுதான்."

லோன் என்று கேட்டதும் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முக்கால் பங்கை வாங்கிக்கொண்டு இதிலும் ஜெயித்துவிடுவானே, அதையும் நான் சாப்பிடும்போது கேட்டுத் தொலைக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது.

"அவசரப்படாதீங்க சகல," என்றேன், வாய் கூசாமல். "காயின் ஏறிட்டே இருக்கு. ஓடுற மெஷினை எவனாவது விப்பானா?"

வேன் காலியாகத் திரும்பிப் போனது. அன்று மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்றே மாதம். புது மாடல் வந்தது. அந்த வியாபாரி போனையே எடுக்கவில்லை, இன்னொருவன் கிலோ விலை சொன்னான். காரை லோன்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். மெஷின்களைக் கழற்றித் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டான்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு எங்க அண்ணன், நம்ம மாமனார், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வித்துடு வித்துடுன்னாங்க. வயித்தெரிச்சல்ல சொல்றாங்கன்னு நெனச்சேன். நீங்க ஒருத்தர்தான் நான் மேல வரணும்னு நெனச்சீங்க. என் நேரம் சரியில்ல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க சகல?"

எல்லாம் போய் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு மனுஷனை இப்படி நம்ப இவனால் முடிகிறதே.