பூட்டிய வீட்டுக்கு ஒரு பாயிண்ட்

சவுரியப்பனின் முழங்கால் போனதற்குக் காரணம் ஒரு எலாஸ்டிக். அருள்பிரகாஷின் டிராக் பேண்ட்டில் இருந்த எலாஸ்டிக். இந்த விஷயம் கடவுளுக்கும் தனக்கும் மட்டுமே தெரியும் என்று அருள்பிரகாஷ் நினைத்துக்கொண்டிருந்தார். கடவுள் வெளியே சொல்ல மாட்டார் என்பதில் அவருக்கு நல்ல விசுவாசம் இருந்தது.

ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவை ஒட்டி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் இரண்டு அன்பியங்களுக்கு நடுவே கபடி. பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். கீழத் தெரு அன்பியத்துக்கு அருள்பிரகாஷ் தலைவர். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் என்பதால் ஊருக்கே அவர் 'பி.டி. சார்'. வயது நாற்பத்தெட்டு. தொப்பையைப் பார்த்தால் அவரைவிட நாலு வயது மூத்தது போலத் தெரியும். "கோச் கரையில நிக்கக் கூடாது, களத்துல நிக்கணும்" என்று முந்தின புதன்கிழமை ஜெபத்தில் யாரும் கேட்காமலே வசனம் பேசியிருந்தார். அதனால் களத்தில் நிற்கவேண்டியதாயிற்று.

எதிர் அணிக்காரர்கள் சித்தேரி மலையிலிருந்து சந்துரு என்பவனைக் கூட்டி வந்திருந்தார்கள். போலீஸ் வேலைக்காகத் தினமும் மலைப்பாதையில் ஓடுகிறவன். அவன் கிறிஸ்தவன் இல்லையே என்று கேட்டதற்கு, "இன்னைக்கு ஒரு நாளைக்கு அவன் பேரு செபாஸ்டின்" என்று சொல்லிவிட்டார்கள். செபாஸ்டின் பாடிக்கொண்டு வந்தான். இடது ஓரத்தில் அருள்பிரகாஷ். அவர் கையைக் கோத்தபடி சவுரியப்பன். குச்சிக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறவன், நாற்பது வயதிலும் தோள் பாறை மாதிரி. பி.டி. சார் கையைப் பிடித்திருக்கிறார் என்ற தைரியத்தில் அவன் சந்துருவின் கணுக்காலில் பாய்ந்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து அருள்பிரகாஷின் இடுப்பில் எலாஸ்டிக் அறுந்தது. எதிரே பெண்கள் வரிசை. அதில் இரண்டு கன்னியாஸ்திரிகள். அவர் கை, அவரைக் கேட்காமலே சவுரியப்பனை விட்டுவிட்டு இடுப்புக்குப் போனது. சவுரியப்பன் தனியாளாக இழுபட்டு, சந்துருவோடு சுழன்று விழுந்தான். கரும்பை முறித்தாற்போல் ஒரு சத்தம்.

கூட்டம் மொத்தமும் சவுரியப்பனிடம் ஓடியது. அருள்பிரகாஷின் இடுப்பை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. 'ஆண்டவரே, நன்றி' என்று அவர் மனசு சொன்னது. அந்த நன்றிதான் அதற்குப் பிறகு பல நாள் அவருக்குச் செரிக்காமல் கிடந்தது.

"வேர்வைல வழுக்கிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டுதான் சொன்னார்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. கையை விடாதே என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெபக் கூட்டத்தில், "ஏழு பேருல ஒருத்தன் கைய வுட்டாலும் ஆட்டம் போச்சு. கையக் கோத்து நிக்கிறதுதாங்க விசுவாசம்" என்று பேசினார். பங்குச் சாமியார் ஃபாதர் ஆண்டோ அதை ஞாயிறு பிரசங்கத்தில் திருப்பிச் சொன்னார். அந்தக் குஷியில் அருள்பிரகாஷ் ஒரு சார்ட் அட்டையை வாங்கிக் கபடி விதிகளை அன்பியத்துக்கு எழுதிவிட்டார். மூன்று புதன் ஜெபத்துக்கு வராத குடும்பம் அவுட். வாரம் ஒரு வீடாகப் போகிற மாதா சிலை, அந்தச் சுரூபம், அவுட்டான வீட்டுக்குப் போகாது. அன்பியத்தில் யாராவது ஒரு பாயிண்ட் எடுத்தால், முதலில் அவுட்டான குடும்பம் முதலில் உள்ளே வரும். நோயாளியைப் போய்ப் பார்த்தால் ஒரு பாயிண்ட், ரத்த தானம் ஒரு பாயிண்ட், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தால் ஒரு பாயிண்ட். எல்லாம் சும்மா சிரிப்புக்குத்தான் எழுதினார். ஜனங்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து கடைப்பிடிக்க ஆரம்பித்தார்கள்.

பிப்ரவரி பிறந்து ஒரு வாரம் ஆனபோது சவுரியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. இனிமேல் மூட்டை தூக்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்னறையில் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தவன் அருள்பிரகாஷைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான்.

"அடுத்த வாரம் மாதா நம்ம வூட்டு மொறைதானுங்கண்ணா? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு மொறகூட வுட்டதில்ல."

"வரும்டா. வராம எங்க போயிரும்?"

"அது வந்துட்டாப் போதுங்கண்ணா. எந்திரிச்சிருவேன்."

"சவுரி, எம்மேல கோவமாடா?"

"உடுங்கண்ணா. ஆட்டத்துல இதெல்லாம் இருக்கறதுதான்."

அவன் மனைவி தெரசா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை கூட்டத்துக்குப் போனபோது சார்ட்டில் சவுரியப்பன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் அவுட் என்று எழுதியிருந்தது. எழுதியவர் பெரியநாயகம். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதற்குச் சோறு ஊட்டி வளர்ப்பார்.

"மூணு புதன் ஆயிருச்சுங்களே சார்."

"யோவ், அவனுக்குக் கால் போயிருக்குய்யா. தெரசா அவன்கூட ஆஸ்பத்திரியில இருந்துச்சு. எப்படி வரும்?"

"ஆட்டத்துல கால் ஒடஞ்சாலும் அவுட்டு அவுட்டுதான்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். சொன்னபோது நல்ல கைதட்டல்கூடக் கிடைத்தது. "சரி, நான் போய்ச் சவுரியப் பாத்துட்டு வந்தேன். நோயாளியப் பாத்தா ஒரு பாயிண்ட் உண்டுல்ல? அத வெச்சு உள்ள கொண்டாந்துரலாம்" என்றார்.

பெரியநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவுட்டாகி வெளிய ஒக்காந்திருக்கிறவனத் தொட்டா பாயிண்ட்டுங்களா சார்?"

கூட்டம் சிரித்தது. அருள்பிரகாஷும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். நல்ல ஜோக்; தன்னுடையதாக இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது பின்வரிசையிலிருந்து இசபெல்லா பேசினாள். "எங்க மாமியா சாகக் கெடந்தப்ப மூணு புதன் நானும் வரலீங்க சார். அப்ப என்னா சொன்னீங்க, நெனப்பிருக்குதா?"

நினைப்பிருந்தது. 'கபடியில கண்ணீருக்கெல்லாம் டைம் அவுட் கெடையாது இசபெல்லா.' அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இசபெல்லாவும் சிரித்தாள் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"மாதா எங்க வூட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தம்மா போய்ச் சேந்துருச்சு" என்றாள் இசபெல்லா. "எங்களுக்கு ஒரு சட்டம், உங்க கூட்டாளிக்கு ஒரு சட்டமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. விதிதான் ஜெயித்தது.

அதற்கப்புறம் சவுரியப்பன் வீட்டுக்கு அன்பியத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. பாயிண்ட் இல்லாத வீட்டுக்குப் போவானேன் என்று இருந்தார்களா, போனால் என்ன பேசுவது என்று கூசினார்களா, தெரியாது. வாரம் தவறாமல் போனது சந்துரு ஒருவன்தான். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு பை சாமை அரிசியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அருள்பிரகாஷ் அவனை மடக்கினார்.

"தம்பி, அன்னைக்கு அது யாரு தப்புப்பா? மறைக்காம சொல்லு."

"எனக்குத் தெரியலீங்க சார். நான் கோட்டப் பாத்துதான் ஓடிட்டிருந்தேன்."

வீட்டில் மனைவி பிளசியைக் கேட்டார். "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். ஃபாதர் ஆண்டோவைக் கேட்டார். "ஆண்டவர் காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டார் சார்" என்றார். தான் கையை விட்டதற்கு ஆண்டவர் மேல் பழி விழுவது அருள்பிரகாஷுக்கு ஒரு பக்கம் வசதியாகவும் இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது.

பாயிண்ட் எடுப்பது என்று முடிவு செய்தார். தர்மபுரியில் நடந்த ரத்ததான முகாமுக்குப் போய்ப் படுத்தார். ஊசியைக் கண்டதும் பாதி மயக்கம், ரத்தத்தைக் கண்டதும் மீதி மயக்கம். நர்ஸ் கன்னத்தில் தட்டி எழுப்பி மாம்பழ ஜூஸ் கொடுத்தாள். சான்றிதழைக் கொண்டுவந்து பெரியநாயகத்தின் முன்னால் வைத்தார்.

"ரொம்ப சந்தோசங்க சார். ஒரு பாயிண்ட்டு" என்ற பெரியநாயகம் சார்ட்டில் விரலை ஓட்டினார். "மொதல்ல அவுட்டானது ஓசூர்க்காரங்க வூடு. அவங்க உள்ள வர்றாங்க."

ஓசூர்க்காரர்கள் என்பது கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு ஓசூருக்குப் போன குடும்பம். கிறிஸ்துமஸுக்கு வந்து வீட்டைக் கூட்டுவார்கள், பொங்கலுக்கு முன்னால் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"வூடே பூட்டிக் கெடக்குதேய்யா?"

"வூடு பூட்டியிருந்தா என்னாங்க சார்? மொறை மொறைதான?"

அந்தப் புதன் சாயங்காலம் மெழுகுவத்தி ஏந்திப் பாட்டுப் பாடி மாதாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூட்டிய வீடு சவுரியப்பன் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பூட்டு தொங்குகிற கதவுக்கு முன்னால் மாதாவை இறக்கி வைத்து, ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் ஒன்று விடாமல் சொன்னார்கள். நோயாளிகளுக்காக என்று ஒரு மன்றாட்டுகூட இருந்தது. அதை வாசித்தவர் பெரியநாயகம். குரல் கணீரென்று சுவரைத் தாண்டிப் போயிருக்கும்.

அருள்பிரகாஷ் தலையைத் திருப்பி அடுத்த வாசலைப் பார்த்தார். சவுரியப்பன் எப்படியோ எழுந்து, கக்கத்தில் கட்டையைக் கொடுத்துக்கொண்டு நிலைப்படியைப் பிடித்து நின்றிருந்தான். கழுத்தில் துண்டு இல்லை, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தான். மாதா வருகிறாள் என்று நினைத்துத் தயாரானவன். அவர்கள் ஆமென் சொன்னபோது அவனும் அங்கிருந்தே ஆமென் சொன்னான். அதற்குள் தெரசா வந்து, பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்னும் ஒரு பாயிண்ட் வேண்டும். ரத்தம் கொடுக்க மறுபடி மூன்று மாதம் ஆகும். மிச்சம் இருந்தது பாவசங்கீர்த்தனம்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அருள்பிரகாஷ் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டார். அந்தப் பக்கம் ஃபாதர் ஆண்டோ. அவரைவிடப் பத்தொன்பது வயது சின்னவர்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பதினொரு வருசம் ஆச்சுங்க ஃபாதர்."

"பரவால்ல சார். சொல்லுங்க."

பள்ளிப் பிள்ளைகளை அடித்ததைச் சொன்னார். பக்கத்துப் பள்ளி வாத்தியாருக்குக் கோப்பை கிடைத்தபோது வயிறு எரிந்ததைச் சொன்னார். இசபெல்லாவிடம் அடித்த ஜோக்கைச் சொன்னார். பிறகு அந்த இடத்துக்கு வந்தார்.

"கபடியில சவுரி கைய... வேர்வைல..." தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபாதரின் பிள்ளை முகம் தெரியவில்லை, ஆனால் டிராக் பேண்ட் என்று சொன்னால் சிரிப்பு வந்துவிடும் என்று தெரிந்தது. ஊரையே சிரிக்க வைத்த மனுஷனுக்கு ஒரு ஆள் சிரிப்பதைத் தாங்க முடியாது போலிருந்தது. "வேர்வைல வழுக்கிருச்சுங்க ஃபாதர்."

"வழுக்குறது பாவமில்ல சார். வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

பெரியநாயகம் சார்ட்டில் பாயிண்ட்டைக் குறித்தார். சவுரியப்பனின் குடும்பம் உள்ளே வந்தது.

அடுத்த புதன், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், மாதாவைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு அருள்பிரகாஷ் முன்னால் நடந்தார். பின்னால் மொத்த அன்பியமும். இந்த முறை பூட்டிய வீட்டைத் தாண்டி, சவுரியப்பன் வாசலில் நின்றார்கள். தெரசா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் சவுரியப்பன் சுவர்ப் பக்கம் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். சட்டை போட்டிருக்கவில்லை.

"மாதா வந்துட்டாங்கம்மா" என்றார் அருள்பிரகாஷ்.

தெரசா சுரூபத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நகரவில்லை.

"தெரசா, எம்மேல வருத்தம் இருந்தா நேராச் சொல்லிரும்மா. யாரைக் கேட்டாலும் சுத்தி வளைக்கிறாங்க. நான் கைய வுட்டதாலதான் சவுரிக்கு இப்படி ஆச்சா?"

"பேண்ட்டப் புடிக்கறதுக்குக் கைய வுட்டீங்க சார்" என்றாள் தெரசா. சத்தம் போடவில்லை. ஆனால் பாட்டு நின்றிருந்ததால் கடைசி மெழுகுவத்தி வரைக்கும் கேட்டது. "நான் எதுத்தாப்புலதான நின்னுட்டிருந்தேன். அவருக்கும் தெரியும். வெளிய சொன்னா ஊரு சிரிக்கும், பசங்களுக்குப் பாடம் சொல்ற மனுசன், வேணாம்டின்னு எம் வாயை அடச்சிட்டாரு. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு வாரா வாரம் பாத்துட்டிருந்தோம். நீங்க பாயிண்ட்டு எண்ணிட்டிருந்தீங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அருள்பிரகாஷ் வாயைத் திறந்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அங்கே ஒரு ஜோக்கும் இல்லை. கையில் மாதா கனத்தாள்.

"தெரியும்மா... அது... நான் உள்ள வரலாமா?"

தெரசா படியில் ஒரு கால் இறங்கி, அவர் கையிலிருந்து சுரூபத்தை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாதா வரட்டுங்க. நீங்க வர வேணாம்."