ஒரு லயத்துக்கு ஒரு வாய்

கொரோனா வந்ததும் பல் வைத்தியர்கள்தான் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்தால் கிருமி பறக்கும் என்று ஆன பிறகு, வாயைத் திறக்கச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பல் துளைக்கும்போது எச்சில் எவ்வளவு தூரம் தெறிக்கிறது என்று சிலர் ஆராய்ந்தார்கள். எதைக் கொண்டு கொப்பளித்தால் கிருமி சாகும் என்று சிலர் தேடினார்கள். அதுவரை ஆராய்ந்துகொண்டிருந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்தார்கள்.

டொக்டர் தனுஷிகாவின் மூட்டைக்குள் இருந்தது வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று. மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் ஆராய்ச்சி செய்கிற அளவுக்கு வந்தவள் அவள். தோட்டம் தோட்டமாகப் போய், கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். நேரத்தோடு பிடித்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். இப்போது ஊரடங்கு என்று பாதையை மூடிவிட்டார்கள். ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் அசரவில்லை. "போன்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இனி உலகம் பூரா அப்படித்தான்" என்றார்.

உலகம் பூரா எப்படியோ, டயகமத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயமொன்றில், அந்த வேலை ஜொய்சியின் தலையில் விழுந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள். நல்ல கமெரா உள்ள போன் அவளிடம்தான் இருந்தது. படங்கள் மளமளவென்று வந்தன. ஒவ்வொரு வாயும் தங்கம். தன் சனம் ஒருவழியாக வெற்றிலையை விட்டுவிட்டது என்று நினைத்துத் தனுஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதி அனுப்பினால் சிலருக்கு வாசிக்க வராதே என்று, ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி, வாய் நல்லா இருக்கு என்று குரல் பதிவு அனுப்பினாள்.

பல மாதம் கழித்துப் பேராசிரியர் அந்தப் படங்களைப் பெரிய திரையில் போட்டார். பேச்சியம்மாவின் மேலுதட்டில் நரைத்த மீசை இருந்தது. அடுத்த படத்தில் வேலாயிக்கும் அதே மீசை.

தனுஷிகா ஜொய்சிக்குப் போன் எடுத்தாள்.

"அது அழகுமுத்து அண்ணன் வாய் டொக்டர்" என்றாள் ஜொய்சி, ஒளிவு மறைவே இல்லாமல். "லயத்துல வெத்தல போடாத ஆளு அவரு ஒருத்தருதான்."

"அப்ப மத்தவங்க வாய்?"

"காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல குச்சி விட்டுக் கொரோனா பாத்தாங்கல்ல, அன்னைக்கு வாயத் தொறந்தவங்கள்ல பாதிப் பேர தனியா அடைச்சு வைக்க பஸ்ல ஏத்திட்டாங்க. லயத்தையே பூட்டிட்டாங்க. மறுபடி தொறக்கச் சொன்னா யாரு தொறப்பா? உங்களுக்கு இல்லன்னு சொல்லவும் மனசில்ல. நம்ம சனத்துப் புள்ள."

அந்தச் சனத்துக்கு இது புதிதில்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போகும்போது, லயத்தில் இருக்கிற ஒரே கோட்டுச் சட்டையை ஆளுக்காள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். நல்ல சேலையும் அப்படித்தான் கைமாறும். படமென்றால் இருப்பதில் நல்லதைக் காட்டவேண்டும். இந்தத் தடவை வாய் கேட்டார்கள், நல்ல வாய் ஒன்று இருந்தது, இரவல் கொடுத்தார்கள். அழகுமுத்துதான் பாவம், எல்லார் பேருக்கும் வாயைத் திறந்து திறந்து தாடை வீங்கிக் கஞ்சி குடித்தாராம்.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். தொலைபேசி ஆராய்ச்சியில் நேரக்கூடிய பிழைகள் என்று இதையே ஒரு கட்டுரையாக எழுதிவிடலாம் என்றார். தனுஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லா இருக்கு என்று தான் சொன்ன வாய்களில் ஒன்றைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. பாதை திறந்ததும் டயகமவுக்கு பஸ் ஏறினாள்.

பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொருவராக வந்து வாயைத் திறந்தார்கள். சிவப்பும் கறையுமாக, அவள் எதிர்பார்த்த வாய்கள்தான். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கடைசியில் வேலாயி வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு தடித்திருந்தது. நடுவில் புண். ஓரம் விரலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்டது.

"இது எப்ப இருந்து?"

"கொரோனாவுக்கு முந்தியே கொஞ்சூண்டு இருந்திச்சு."

"ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"போகத்தான் இருந்தேன். நீங்கதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே."

"அது அழகுமுத்து அண்ணன் வாய்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"வாய் அவரோடதுதான் டொக்டர். நீங்க எம்பேரச் சொல்லித்தானே சொன்னீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மகளின் ஒன்லைன் படிப்புக்கு வாங்கிய போனை இடுப்பிலிருந்து எடுத்தாள் வேலாயி. "ஒறப்பு பட்டு எரியிறப்பல்லாம் இதத்தான் போட்டுக் கேப்பேன். அப்புறம் சோறு எறங்கும்."

போனிலிருந்து தனுஷிகாவின் குரல் வந்தது. "வேலாயி அம்மா, உங்க வாயில ஒரு கொறையும் இல்ல. பயப்படாதீங்க." சந்தேகத்தின் நிழல்கூடப் படாத குரல்.

"நாளைக்கே கண்டிக்குப் போகணும். நானே கூட்டிட்டுப் போறேன். வெட்டி எடுக்கணும்."

வேலாயி போனை நீட்டினாள்.

"அப்ப இத அழிச்சிட்டு, புதுசா ஒன்னு பேசிக் குடுங்க. வெட்டினா சரியாயிரும்னு."

தனுஷிகா போனை வாங்கி, பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். "வேலாயி அம்மா" என்று தொடங்கினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. போன் பதிந்துகொண்டே போனது. எதிரில் வேலாயி, டொக்டர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.