ஒரு வாளிக்கு ஒரு மூடி

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகப் பால்கனிக்கு ஓடினேன். பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. என் எலுமிச்சைச் செடி மொட்டையாக நின்றது. ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து இலைகளும் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. தொட்டி மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"என்னம்மா இது?" கத்தியே விட்டேன்.

அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். "எனக்கே ஒண்ணும் புரியலடி. நீ சொன்ன உரத்தைத்தான் ஊத்தினேன். ஒரு வாளிக்கு ஒரு மூடி."

வேலைக்கு வேறு ஊர் போனபோது, கைக்குழந்தையை விட்டுப்போவது போல விட்டுப்போன செடி அது. கடையில் அரைநாள் நின்று, இலையை மட்டும் தளதளவென்று தள்ளும் உரமெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கி, கடற்பாசி திரவ உரமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தேன். இப்போது வந்திருப்பது செடியோடு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போக. புது வீட்டில் அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஓர் அறை, அதை ஒட்டி வெயில் விழும் பால்கனி. சாவி என் கைப்பையில் இருந்தது. நேரில் சொல்லி அசத்தலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

கடற்பாசி உரம் இப்படியா சுடும்? கூடத்தில் கட்டில்மேல் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அப்பா, செடிக்கு என்னப்பா ஆச்சு?"

"அதான் எனக்கும் புரியல. நான்தானே கவனிச்சுக்கிட்டேன். ஒரு வாளிக்கு ஒரு மூடி, நீ சொன்ன கணக்குதான்."

"அம்மா தான்தான் ஊத்தினதா சொல்றாளே?"

அப்பா குனிந்தார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக் கொடுத்தது இல்லை. "இலை மஞ்சளாகுதுன்னு கடையில சொன்னேன். இதைக் கொடுத்தாங்க."

முழுக்கத் தழைச்சத்து, நான் வேண்டாமென்று ஒதுக்கிய அதே ரகம். பாட்டிலில் அடிமண்டி மட்டும் மிச்சம்.

"வீட்டுல ஒரு பாட்டில் இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குப்பா?"

"அது சமையலறையில இருக்கு."

"அம்மாகிட்ட கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?"

அப்பா மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். அப்போதுதான் கட்டில் கூடத்தில் கிடப்பதே எனக்கு உறைத்தது. பக்கத்தில் அவர் மருந்து, அவர் தண்ணீர்ச் செம்பு, அவர் துண்டு. இத்தனை நாளும் போனில் அப்பா பேசினால் அம்மா குளித்துக்கொண்டிருப்பாள். அம்மா பேசினால் அப்பா வெளியில் போயிருப்பார். ஒருநாள்கூட இரண்டு குரலும் ஒரே போனில் கேட்டதில்லை. நான் ஒரு மக்கு! இருவரும் சேர்ந்து என் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு வேலையை மட்டும்தான் சேர்ந்து செய்திருக்கிறார்கள்.

"உங்கம்மாகிட்ட கேளு, எத்தனை மூடி ஊத்தினான்னு," என்றார் அப்பா.

அம்மா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"நான் கேக்க மாட்டேன். நீங்களே கேளுங்க." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"எத்தனை மூடி?"

அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல்ல ஒண்ணு. வாடுதேன்னு அப்புறம் ரெண்டாக்கினேன்."

"நானும்தான்."

"பசின்னு நெனச்சேன்," என்றாள் அம்மா.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

நான் பால்கனிக்குப் போய்த் தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே ஒரு நூலளவு பச்சை இருந்தது. திரும்பினால் இருவரும் எனக்குப் பின்னால், ஆளுக்கொரு பக்கமாக.

"இனி என்னடி ஊத்தணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உப்பு போற வரைக்கும் வெறும் தண்ணி."

"யாரு ஊத்தறது?" என்றார் அப்பா.

"யாராவது ஒருத்தர். ஊத்தினதும் இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்."

புது வீட்டுச் சாவியை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.