இரண்டாவது பூட்டு

குமராட்சிக்குப் பக்கத்து ஊர் முச்சந்தியில் பாலகுமார் கூண்டுக்குள் நிற்கிறான். சிமென்டுச் சிலை, மேலே தங்க நிறப் பெயின்ட். உயிரோடு இருந்தவரை மீசையே ஒழுங்காக முளைக்காதவனுக்கு, சிலை செய்தவர் முறுக்கு மீசை வைத்துவிட்டார். வடக்கே பனிச்சரிவில் போன சிப்பாய்க்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று நினைத்திருப்பார்.

கூண்டு வந்த கதை ஊருக்கே தெரியும். சிலை திறந்த வருஷம், சுதந்திர தினத்தன்று மேலத்தெருக்காரர்கள் ஒரு மாலையோடு வந்தார்கள். கீழத்தெருக்காரர்களும் ஒரு மாலையோடு வந்தார்கள். முதல் மாலை யாருடையது என்பதில் வாய் முற்றிக் கைகலப்பாகி மண்டைகள் உடைந்தன. தாலுக்கா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு, சாவி வி.ஏ.ஓ.விடம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் திறப்பார்கள். வருகிற தலைவர் மாலை போடுவார். ஊர்க்காரர் யாரும் போடக் கூடாது. இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்டது.

பாலகுமாரின் மனைவி எழிலரசியை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

அவள் அவனுக்கு ஒரு பூ போட்டதில்லை. சவப்பெட்டி மூடியேதான் வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். அதிகாரிகள், கட்சிக்காரர்கள் என்று மலர்வளையம் வைக்கிற வரிசை முடிவதற்குள் நேரமாகிவிட்டதென்று தூக்கிவிட்டார்கள். அவள் கையில் இருந்த மாலையை யாரோ வாங்கி யாரிடமோ கொடுத்தார்கள். அது எங்கே போனதென்றே தெரியவில்லை. முகம் என்று அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சிமென்டு முகம்தான். மீசை தப்பு, ஆனால் மூக்கு அவன் மூக்கு.

போன கார்த்திகையில், அவன் இறந்த நாளன்று, சாமந்தி மாலை ஒன்றைத் தானே கட்டி எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ராஜமாணிக்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சாவி குடுங்க சார். போட்டுட்டு உடனே குடுத்துடுறேன்."

"நீ கீழத்தெரும்மா. நீ போட்டா கீழத்தெரு போட்டதா ஆயிடும்."

"நான் அவரு பொண்டாட்டி சார்."

"அது வூட்டுல. முச்சந்தியில நீ கீழத்தெருதான். போ, மேல கேட்டுச் சொல்றேன்."

மாலையைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டு வந்தாள். மத்தியானத்துக்குள் ஒரு போலீஸ்காரர் வந்து அதை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். கம்பியும் சிலையோடு சேர்ந்ததுதானாம்.

குடியரசு தினத்துக்கு ஒரு தலைவர் வந்து மாலை போட்டார். அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டு டிரங்குப் பெட்டி மூட முடியாத அளவுக்குச் சால்வைகள் சேர்ந்துவிட்டன. இந்த ஊர் வெயிலுக்கு அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகஸ்ட் மாதம் பென்ஷன் வேலையாகச் சிதம்பரம் போனவள், கீழவீதிப் பக்கம் ஒரு இரும்புக் கடையில் ஏறினாள்.

"நல்ல பூட்டா குடுங்கண்ணே."

"எதுக்கும்மா? வாசலுக்கா, பீரோவுக்கா?"

"வூட்டுக்காருக்கு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரொம்ப ஓடுறாரா?"

"இல்லண்ணே. நிக்க வச்ச எடத்துலயே நிக்கிறாரு."

அவர் கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ரம்பம் போட்டாலும் சுலபத்தில் அறுபடாது என்றார்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், விழாவுக்காக முச்சந்தியில் சுண்ணாம்புப் பொடி போட்டவர்கள் கிளம்பிப் போனதும், கூண்டுக் கதவில் அரசாங்கப் பூட்டுக்குப் பக்கத்திலேயே தன் பூட்டையும் மாட்டிவிட்டு வந்தாள்.

காலையில் ராஜமாணிக்கம் வேர்க்க விறுவிறுக்க அவள் வாசலுக்கு வந்தார்.

"யாரு வேலைன்னு கேக்க மாட்டேன். சாவியக் குடு."

"மேல கேட்டுச் சொல்றேன் சார்."

அவருக்கு முகம் கறுத்தது. இருந்தாலும் குரலை இறக்கிக்கொண்டார். "மந்திரி கடலூர்லேருந்து கெளம்பிட்டாரும்மா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"மொத மாலை நான் போடுறேன். அப்புறம் யாரு வேணாலும் போடட்டும்."

அவர் வேப்பமரத்தடிக்குப் போய் யார் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

"சரின்னுட்டாங்க. வீரரோட மனைவி போட்டா பேப்பர்ல நல்லா வருமாம். மந்திரியே சந்தோஷப்படுவாராம்."

அவள் புடவை மாற்றினாள். விடியற்காலையிலேயே கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த சாமந்தி மாலையை எடுத்துக்கொண்டாள். முச்சந்தியில் இரண்டு தெருவும் ஆளுக்கொரு பக்கமாக நின்றது. ராஜமாணிக்கம் தன் பூட்டைத் திறந்தார். அவள் தன் பூட்டைத் திறந்து, சாவியோடு கம்பியில் தொங்கவிட்டாள். கதவு கிறீச்சிட்டது. உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

பின்னால் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. சபாரி போட்ட ஒருவர் அவளுக்கும் சிலைக்கும் நடுவில் கையை நீட்டினார்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா."

"நான்தான் மொதல்ல..."

"மந்திரி வந்துட்டாரும்மா. அப்புறமா போடலாம்."

நாலு பேர் தூக்கி வந்த ரோஜா மாலை ஏறியது. மந்திரியின் விரல் பட்டது, 'வீரவணக்கம்' என்று கத்தினார்கள். மைக்கில் மந்திரி, அந்த வீரன் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமில்லை, ஒரு தெருவுக்குச் சொந்தமில்லை, இந்த நாட்டுக்கே சொந்தம் என்றார். இரண்டு தெருவும் சேர்ந்து கை தட்டியது. அவள் கையில் இருந்த சாமந்தி மாலையின் மேலேயே சால்வையைப் போர்த்தினார்கள். போட்டோவுக்கு இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள்.

கார்கள் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் கூண்டுக் கதவு சாத்தியிருந்தது.

"சார், என் மாலை."

"இப்ப நீ போட்டா மேலத்தெரு சும்மா இருக்குமா? இவ்ளோ நல்லா முடிஞ்சிருக்கு, கெடுத்துக்காத."

சொல்லிக்கொண்டே ராஜமாணிக்கம் தன் பூட்டைப் பூட்டினார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த அவள் பூட்டையும் மாட்டி அழுத்தினார். இரண்டு சாவியும் அவர் சட்டைப் பைக்குள் போயின. பித்தளைப் பூட்டை மட்டும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்ல பூட்டும்மா," என்றார். "எங்க வாங்குன?"