ஏறாதவர்களுக்கு மூன்று சீட்

1

எட்டாயிரத்து எழுநூற்றைம்பது. வண்டி வேலைக்காக டவர்காரர் வெல்டருக்குத் தரவேண்டிய பாக்கி இது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், அந்தப் பாக்கியிலிருந்து வந்தது என்றுதான் உண்மையாகச் சொல்ல முடியும். பணத்தைக் கேட்டு ஆள் அனுப்பும்போதெல்லாம் டவர்காரர் பட்டறைக்கு வருவார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், வீட்டுக் கதையில் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போவார். பணம் வரவில்லை. கதை தவணை தவறாமல் வந்தது.

(வெல்டர் என்பது நான்தான். ‘நான்’ என்று எழுதித்தான் ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டவே நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவன். ஒரு பக்கத்தில் பத்து ‘நான்’ வந்ததும், கூட்டத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன்போல எனக்கே கூச்சமாகிவிட்டது. வெல்டர் என்றே போகட்டும்.)

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினார் வெல்டர்.

முதல் ஆரம்பம்: “மலைப்பாதையில் ஒரு பழைய வண்டி ஏறிக்கொண்டிருந்தது. வானம்” — வானம் என்ன செய்தது என்று தெரியவில்லை. அதோடு விட்டார்.

இரண்டாவது: “ஒரு குடும்பம் இருந்தது.” படித்த உடனேயே அது இப்போது இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அடித்தார்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. மலைமேல் இருக்கும் போன் டவர்களைப் பழுதுபார்ப்பது டவர்காரரின் வேலை. அதற்கு ஒரு பழைய டிரக் வைத்திருக்கிறார். நாலு சக்கரமும் இழுக்கும், ரோடே இல்லாத இடத்திலும் ஏறும். வேலை நாளில் பின்னால் ஏணியும் கேபிளும் இருக்கும். விடுமுறை நாளில் மனைவியும், ஒன்பது வயது மகனும், நாலு வயது மகளும். அப்படி ஒரு விடுமுறையில், இறக்கத்தில் பாறை ஒன்று உருண்டு கிடந்ததைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, முன் சீட் நிற்கவில்லை. தரைத்தகடு துருவேறி இற்றுப்போயிருந்ததால் சீட் அடியோடு பெயர்ந்து, மகளை மடியில் வைத்திருந்த மனைவியைக் கொண்டுபோய் டேஷ்போர்டில் மோதியது. மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. மகளுக்கு முன்பல் இரண்டு போனது. கையில் கட்டுப் போட்ட அன்றே மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இனி அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்பதுதான் கிளம்பும்போது சொன்னது.

வண்டியை விற்றால் வேலை போய்விடும். அதனால் டவர்காரர் இப்படிக் கணக்குப் போட்டார். ஏறமாட்டேன் என்றது வண்டியில். வண்டியில் கெட்டது சீட். சீட்டை மாற்றினால் ஏறிவிடுவாள். வெல்டரிடம் வந்து, “உள்ளுக்குள்ள இப்படித் துருப்புடிச்சிருக்கும்னு யாருக்குத் தெரியும் அண்ணே?” என்று கேட்டார். வெல்டரும் தலையாட்டினார்.

3

டவர்காரர் சீட் தேடிய விதத்தை எழுதத்தான் வெல்டர் பேனாவையே எடுத்தார்.

பழைய சட்டத்துக்கே புது நுரையும் ரெக்சினும் போட்டுவிடலாம், செலவு குறையும் என்றார் சீட் தையல்காரர். டவர்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் சேர்ந்து உட்காரும் நீள சீட் ஒன்று மலிவாக வந்தது. தலை சாய்க்க இடமில்லை, பெல்ட்டும் இடுப்புக்கு மட்டும்தான். அதையும் தள்ளினார். கடைசியில் பழைய இரும்புக் கடையில், உடைக்க வந்த வேன் ஒன்றில் மூன்று தனித்தனி சீட் கிடைத்தது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட், கழுத்துக்குப் பின்னால் மெத்தை எல்லாம் இருந்தது. உறை மாற்ற வேண்டும். துணியா ரெக்சினா என்று ஒரு வாரம் யோசித்தார். துணி வெயிலில் சுடாது. ஆனால் மகளுக்கு வளைவில் வாந்தி வரும், ரெக்சின் என்றால் துடைத்துவிடலாம். ரெக்சின்தான் என்று முடிவானது. பின்னால் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டிருந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு, பிள்ளைகளுக்கு முன்னோக்கி இரண்டு. மனைவிக்கு முன்னால் ஒன்று. தன் சீட்டை மாற்றவில்லை. கிழிந்த இடத்தில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டார்.

இற்ற தரையை வெட்டிவிட்டு வெல்டர் புதுத் தகடு பற்றவைத்தாயிற்று. அதில் போல்ட்டுக்குத் துளை போட்டுவிட்டால் மாற்ற முடியாது. அளவு பார்க்க ஆள் வேண்டும், ஆட்களோ அக்கா வீட்டில் இருந்தார்கள். “நீங்க அவ உயரந்தான் அண்ணே, கொஞ்சம் ஏறி உக்காருங்க” என்றார் டவர்காரர். வெல்டர் மனைவியாக ஏறி உட்கார்ந்தார்.

“முட்டி இடிக்குதா?”

“இல்ல தம்பி.”

“அவளுக்கு இடுப்பு வலி உண்டு. நல்லா சாஞ்சு பாருங்க.”

சாய்ந்தார். பிறகு பின்னால் போய், காலை மடக்கிக்கொண்டு மகனாக உட்கார்ந்தார். மகளாக உட்கார வெல்டர் கொஞ்சம் பெரிசு. அதனால் வெல்டிங் கம்பிப் பெட்டியைத் தூக்கி வைத்து, அதற்கு பெல்ட் மாட்டிவிட்டார்கள். டவர்காரர் தன் இடத்தில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “எல்லாரும் தெரியுறீங்க” என்றார். வெல்டருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

* இந்த இடத்தில், சீட் இடுக்கில் யாரோ ஒரு குழந்தையின் தலைக்கிளிப் கிடைத்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். உடைந்த வேனில் போன குடும்பத்தை நினைத்து நீங்கள் கலங்குவீர்கள் என்று ஒரு ஆசை. உண்மையில் கிடைத்தது பிஸ்கட் தூள்தான். தட்டிவிட்டோம்.

4

மனைவியை எழுத வரவில்லை. வெல்டர் அவரைப் பார்த்தது ஒரே தடவை. பட்டறை வாசலில், வண்டிக்குள், அதுவும் பக்கவாட்டில். டவர்காரர் பேச்சை வைத்து எழுதினால் பிடிவாதக்காரியாக வருகிறார். மாற்றி எழுதினால் காலண்டர் படமாகிவிடுகிறார். வண்டியில் ஏறாதவர் கதையிலும் ஏறமாட்டேன் என்கிறார் என்று ஒரு வரி தோன்றியது. கேட்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

இருந்தாலும் முடிவு என்று ஒன்றை எழுதிப் பார்த்தார். டவர்காரர் வண்டியைக் கழுவி, அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். மனைவி வருகிறார். பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார். ஏறி உட்காருகிறார். வண்டி கிளம்பி

இதற்குமேல் கை போகவில்லை. கிளம்பி எங்கே போகும், வீட்டுக்குத்தான். வீட்டில் இறங்கி இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள்? சாப்பிட்டாயா என்பதுகூட அவர்கள் வாயில் வரவில்லை. இன்னொரு முடிவும் எழுதினார். அதில் டவர்காரர் தனியாக டவர் உச்சியில் இருந்தார். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். எழுதினால் நடந்துவிடுமோ என்ற பயம்.

5

நடந்ததை டவர்காரரே வந்து சொன்னார். அன்றைக்கு ஸ்டூலை இழுக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பிள்ளைகள்தான் முதலில் ஓடிவந்தார்களாம். மகன் சீட்டைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக விளையாடினான். மகள் பல்லில்லாத வாயோடு தன் சீட் எது என்று கேட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிறகு மனைவி வந்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முன் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். அசையவே இல்லை.

(அடித்தகடு நான் பற்றவைத்தது. பெருமைப்பட வேண்டிய இடம்.)

சீட்டைத் தரையில் பிடிக்கிற வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று மனைவி கேட்டார். ஒரே நாள் என்றார் டவர்காரர், சந்தோஷமாகவே.

“சீட்டு ஆடுதுன்னு ரெண்டு வருஷமாச் சொன்னேன். கெட்டியாப் புடிச்சுக்கன்னு சொன்னீங்க. புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லையாம். மகளின் பெல்ட்டை அவிழ்த்து இறக்கிவிட்டு, மகனைக் கூப்பிட்டு, யார் விரலும் மாட்டாமல் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகவே வாசகரே, இரண்டாம் பகுதியில் ‘யாருக்குத் தெரியும்’ என்று டவர்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அவருக்கே தெரியும். வெல்டர் அந்த இடத்தைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை, அப்போது அவர் அப்படித்தான் கேட்டார். மனைவி மட்டும் இந்த ஒரு பேச்சில் நிஜ மனுஷியாகிவிட்டார். இதற்குமேல் அவரை எழுத வெல்டருக்கு உரிமை இல்லை.

6

“மூணு சீட்டையும் கழட்டிக்கங்க அண்ணே. வித்தா உங்க பாக்கிக்குச் சரியாப் போகும்.”

வெல்டர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவசரம் இல்லை என்றார், கட்டுப் பிரித்த பிறகு அவங்க மனசு மாறலாம் என்றார்.

“அந்த இடத்துல கேபிளை வச்சுக்குவேன். கேபிளுக்கு பெல்ட் வேணாம் பாருங்க” என்றார் டவர்காரர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வாசலில் போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெல்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கதை இங்கேதான் நிற்கிறது. கழற்றினால், என்றைக்காவது அந்த மூன்று பேர் வாசலுக்கு வரும்போது உட்கார இடமிருக்காது. கழற்றாவிட்டால், அவர் தினமும் கண்ணாடியில் காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே மலை ஏற வேண்டும். எது இரக்கம் என்று வெல்டருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்; போல்ட் எதுவும் துருப்பிடிக்கவில்லை, எந்தப் பக்கமும் சுலபமாகத் திரும்பும்.

பாக்கியை மட்டும் நான் முடித்துவிடுகிறேன். எட்டாயிரத்து எழுநூற்றைம்பதையும் தள்ளுபடி செய்துவிட்டேன். ஒருவன் வீட்டுக் கதையை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குமேல் அவனிடமே பணமும் கேட்க முடியாது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவர் கழற்றச் சொல்லிவிட்டால்?