ஒன்பது வரி வீடு

“நூத்தி நாப்பத்திமூணாம் பக்கத்துல யாரோ குடியிருக்காங்களாமே?”

“இருக்கட்டும். அடிக்குறிப்பு வருதுல்லா, காலி பண்ணிருவாங்க.”

கேன்டீனில் தேநீருக்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் குடியிருப்பது நான்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டு, சர்க்கரை போடச் சொல்ல மறந்து, அப்படியே குடித்தேன்.

எங்கள் பல்கலைக்கழகப் பதிப்பகம் இருமொழி நூல்களை வெளியிடுகிறது. இடப்பக்கத்தில் தமிழ், அதற்கு நேரே வலப்பக்கத்தில் ஆங்கிலம். தமிழ் நிறைய இடம் எடுக்கும். ஆங்கிலம் அதே செய்தியைச் சொல்லிவிட்டுப் பக்கம் முடிவதற்கு முன்பே நின்றுவிடும். அதனால் வலப்பக்கங்களின் அடியில் ஐந்து வரி, ஏழு வரி என்று வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடம் பல்கலைக்கழகத்தின் சொத்து. அது சும்மா கிடப்பதைப் பார்த்த பதிவாளர் அலுவலகம், வீடில்லாத ஊழியர்களுக்கு அதைக் குடியிருப்பாக ஒதுக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. நான் வேலைக்குச் சேர்வதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு வந்துவிட்டது.

மூன்று வரியும் அதற்குக் குறைவும் சைக்கிள் நிறுத்தத்தான். நான்கு வரியில் ஒருவர் படுக்கலாம். பைண்டிங் பிரிவின் செண்பகம் அக்கா, ஒரு வாழ்த்துப் பாடலுக்கு எதிரே பதினாறு வரியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அந்தப் பாடலை மொழிபெயர்த்தவர் அவசரக்காரர்.

எனக்குக் கிடைத்தது ஒன்பது வரி. தென்மாவட்டக் குளங்களைப் பற்றிய ஒரு நூலில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். நூல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதன் மெய்ப்பைப் பார்த்துப் பிழை திருத்தும் உதவிப் பதிப்பாசிரியரும் நான்தான் என்பதால் வேலைக்குப் போக நடக்க வேண்டிய தூரமும் குறைவு.

ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, ஒரு புத்தக அடுக்கு. இவை போகவும் திரும்பி நிற்க இடம் இருந்தது. ஆங்கிலத்தின் கடைசி வரிதான் கூரை. ஆங்கில எழுத்துகளில் சிலவற்றுக்குக் கீழே வால் உண்டு. என் கூரையில் இரண்டு ‘ஜி’, ஒரு ‘ஒய்’. ஒய்யின் வாலில் துண்டைக் காயப்போடுவேன். ஒரு ஜி-யில் கைப்பை, இன்னொன்றில் வெங்காயக் கூடை. மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தில் மெய்ப்புக் கட்டை மூடி வைப்பார்கள். அப்போது நூற்று நாற்பத்து இரண்டாம் பக்கத்துத் தமிழ் மெதுவாக வந்து என் அறையின் மேல் சாத்திக்கொள்ளும். தனியாகக் கதவு தேவைப்படவில்லை.

அதற்கு முன் மகளிர் விடுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை. மற்ற மூவரும் நல்லவர்கள். ஆனால் நான் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். பேசினால், பேசிவிட்டாள் என்று கைதட்டுவார்கள். ஒன்பது வரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் முழுவதும் இரண்டு கைகளையும் விரித்து வைத்துத் தூங்கினேன்.

தேநீர்க் குவளையை வைத்துவிட்டு மேலே போனபோது, பதிப்பு அலுவலர் ஹமீதா மேடத்தின் மேசையில் அந்த அடிக்குறிப்பு வந்து காத்திருந்தது.

“ஜெனிட்டா, கோமதிநாயகம் சார் அனுப்பிட்டார்மா,” என்றார்.

கோமதிநாயகம் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். குளங்கள் நூலின் மொழிபெயர்ப்பாளர். குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிட ஊர் நியமிக்கும் ஆளுக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். அதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. பேராசிரியர் அதைத் தமிழாகவே நிறுத்திவிட்டு, அடியில் போட ஒரு விளக்கம் எழுதியிருந்தார். இருபத்தேழாம் குறிப்பு.

பக்கம் அமைக்கும் தாணு அண்ணன் அளவுகோலை வைத்துப் பார்த்தார். “சின்ன எழுத்துல போட்டாலும் சரியா ஒம்பது வரி. உன் கட்டிலையும் சேத்து.”

“கொஞ்சம் குறுக்கினா...” என்று தொடங்கினேன்.

“எழுதினவர் சம்மதிச்சாக் குறுக்கலாம். நாமளா கை வைக்கக் கூடாது, உனக்குத் தெரியாததா?” என்றார் மேடம். “வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. இன்னைக்குத் திங்கள்.”

“அடுத்த புத்தகத்துல எங்கயாவது...”

“அடுத்தது அகராதிமா.”

அகராதியில் வெற்றிடம் கிடையாது. அதை முடிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விடுதிதான்.

“நீயே போய்க் கேளேன். அவரு கடிச்சிர மாட்டாரு,” என்றார் தாணு அண்ணன். “பேசுவாரு. அவ்வளவுதான்.”

அன்று மாலை கட்டிலில் உட்கார்ந்து குறிப்பைப் படித்தேன். நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மடையை எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாழிகை, சண்டை வந்தால் யார் சொல் எடுபடும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடிந்தது: நீர்பாய்ச்சி தன் வயலுக்கு எல்லாருக்கும் பிறகுதான் தண்ணீர் விடுவான், மழை குறைந்த ஆண்டில் விடவே மாட்டான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படிக்காவிட்டால் அந்த ஆளை ஏதோ காவல்காரர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். புதன்கிழமை உள்ளே போனேன்.

வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் ஒட்டியிருந்தது. அதற்கான குறிப்பு கீழே தரையில் ஓடியது. செருப்பு அலமாரிக்கு எண் நான்கு. குறிப்பு ஏழு வரி. நாட்காட்டி, ஒன்பது, குறிப்பு திரும்பி அடுத்த அறைக்குள் போயிற்று. நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

“பாத்து வாம்மா, பதினொண்ண மிதிச்சிராத. போன வாரம்தான் எழுதினாரு,” என்றார் பேராசிரியரின் மனைவி லீலாவதி டீச்சர். முறத்தில் அவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார். “உப்பு டப்பாவுக்கு ஆறு வரி. அதுல ஒரு வரி நான் உப்புப் போட மறந்த அன்னைக்கப் பத்தி. கல்யாண போட்டோவுக்கு இருபத்திரெண்டு வரி. என் பேரு ரெண்டு தடவதான் வருது.”

“மூணு தடவ,” என்றார் உள்ளேயிருந்து வந்த பேராசிரியர். “கடைசில அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணு இருக்கு.”

நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்.

“சார், அந்த அடிக்குறிப்பு...”

“எது, இருபத்தேழா? எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.”

அது உண்மை. அதனால் உடனே சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது வரவில்லை. அவர் மடைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நான் துப்பட்டாவின் நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பொண்ணு வேற என்னத்தையோ சொல்ல வந்திருக்கு. குறுக்கணுமாம்மா?”

தலையாட்டினேன்.

“அதுக்கா இவ்வளவு நேரம்? முப்பத்தோரு வருசம் எட்டாம் வகுப்புக்குச் சுருக்கி வரைதல் எடுத்தவ நான். மூணுல ஒரு பங்கு. குடு இங்க.”

தாளை மடியில் வைத்து, உதட்டை அசைத்துப் படித்து, ஒன்பது வரியை மூன்று வரியாக்கிக் கணவரிடம் நீட்டினார். எனக்கு ஆறு வரி மிஞ்சும். கட்டிலும் அடுப்பும் வைக்கலாம். புத்தக அடுக்கை யாருக்காவது கொடுத்துவிடலாம். நான் மனதுக்குள் கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் இரண்டு முறை படித்தார். “எல்லாம் இருக்கிற மாதிரிதான் இருக்கு,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க பதிப்பாசிரியர். நீங்க சொன்னாச் சரி. இது போதுமா?”

போதும் என்று நான் சொல்ல வேண்டும். ஒரே சொல்.

“அவர் தன் வயலுக்குக் கடைசியாத்தான் தண்ணி விடுவாருங்கறது இதுல இல்ல சார்,” என்றேன். “மழை கொறஞ்ச வருசம் விடவே மாட்டாருங்கறதும் இல்ல. அது இல்லன்னா இந்தக் குறிப்பே வேண்டாம்.”

அந்த மாதத்தில் நான் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளம்.

டீச்சர் பேனாவை மூடினார். “சரி. கணக்குல தப்பு என்னுது. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. குறுக்கணும்னு வந்தவ குறுக்கக் கூடாதுன்னு சொல்ற. குறுக்கினா உனக்கு என்ன?”

“நான் அங்க குடியிருக்கேன் டீச்சர். அந்த ஒம்பது வரில.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“காத்து வருமா?” என்று கேட்டார்.

“வரும் சார். வலது பக்கம் ஓரம் இருக்கு.”

“ஓரம் எவ்வளவு?”

“ரெண்டரை சென்டிமீட்டர். வெட்டின பிறகு ரெண்டு.”

“அதுல யாரு இருக்கா?”

“யாருக்கும் குடுக்கறதில்ல சார். வாசகர் விரல் வச்சுப் பிடிக்கணும்ல.”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. டீச்சர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை துண்டை ஒய்யிலிருந்து எடுத்து மடித்தேன். வெங்காயத்தைச் செண்பகம் அக்காவின் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெட்டியை மூடிவிட்டு மேசைக்குப் போய், ‘பக்கம் 143, கடைசி வரிக்குக் கீழே குறிப்பு 27ஐ முழுமையாகச் சேர்க்கவும்’ என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடுதிக் காப்பாளருக்கு ஃபோன் செய்தேன். பழைய கட்டில் காலியாகத்தான் இருக்கிறது என்றார். அறையிலிருந்த மூவருக்கும் அதில் மகிழ்ச்சியாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பேராசிரியர் ஒரு மடக்கு நாற்காலியோடும் குடையோடும் பதிப்பகத்துக்கு வந்தார். பின்னால் டீச்சர் டிபன் கேரியரோடு வந்தார்.

“இருபத்தேழ வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றார் ஹமீதா மேடத்திடம்.

“அப்ப நீர்பாய்ச்சின்னா என்னன்னு யாரு சார் சொல்றது?”

“நான்தான். ஓரத்துல உக்காந்துக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வர்றவங்களுக்கு நேர்ல சொல்லிர்றேன். கடைசி வயல் வரைக்கும்.”

மேடம் சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் புரட்டினார். ஓரத்தில் குடியிருக்கக் கூடாது என்று இருந்தது. உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லை.

“ஐந்நூறு பிரதி போடுறோம் சார்,” என்றார் தாணு அண்ணன்.

“ஐந்நூறுலயும் இருக்கட்டும்,” என்றார் டீச்சர். “வீட்டுல ஒருத்தர் கொறஞ்சாப் போதும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல யாரும் அந்தப் பக்கத்தப் படிக்கக் கூடாதுன்னு மட்டும் எங்கயாவது போட்டிருங்க. சாப்பிட வரணும்.”

மேடம் அதைப் பதிப்புரிமைப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். நான் அழிரப்பரை எடுத்து என் பென்சில் எழுத்தை அழித்தேன். கையெழுத்து மட்டும் லேசாகத் தெரிந்தது. அதையும் அழித்தேன்.

பேராசிரியர் என் கூரைக்கு ஐந்து வரி மேலே, நீர்பாய்ச்சி என்ற சொல்லுக்கு நேராக ஓரத்தில் நாற்காலியை விரித்து, என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“நீ உன் பாட்டுக்கு இரும்மா,” என்றார் திரும்பாமலே. “வாசகர் வந்தாத்தான் வாயத் தெறப்பேன்.”

நான் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து ஒய்யில் மாட்டினேன். வேலை நேரம்தான். ஆனாலும் கட்டிலில் படுத்து இரண்டு கைகளையும் விரித்து, நான்கு நாட்களாகப் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்த மூச்சை முழுதாக விட்டேன். துண்டு ஒருமுறை ஆடி நின்றது.

அடுத்த புதன்கிழமை, அச்சடித்துத் தைத்த நூல்கள் ஓரம் வெட்டுவதற்காகப் பைண்டிங் பிரிவில் அடுக்கப்பட்டிருந்தன. அச்சான பிறகு நான் எந்தப் பிரதியில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்பது விதி. அடுக்கின் நடுவில் ஒன்றைத் தேர்ந்திருந்தேன். செண்பகம் அக்கா கத்தியை இரண்டு சென்டிமீட்டருக்குத் திருகி வைத்தார்.

“சார், வெட்டப் போறேன்!” என்று குரல் கொடுத்தார்.

பேராசிரியர் ஐந்நூறு குடைகளையும் மடக்கி வைத்துவிட்டு, ஆயிரம் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.